கண்ணில் ஒற்றிய காகிதம்

மலைத் தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் சோலைமலை கை கழுவ நின்றால், பின்னால் குடத்தோடு காத்திருக்கும் பெண்கள் முணுமுணுப்பார்கள். அவர் கழுவி முடிக்க அவ்வளவு நேரமாகும். முதலில் மண், அப்புறம் அடுப்புச் சாம்பல், கடைசியாகத்தான் சவர்க்காரம். அப்படியும் நகக்கண்ணில் எஞ்சின் எண்ணெய் கறுப்பாக நிற்கும். பத்தொன்பது வருடமாக அது போகவில்லை.

"தோல உரிச்சுக் காயப்போட்டாத்தான் போகும்," என்பாள் அவர் மனைவி நாகலெட்சுமி. "கறிக்கு எண்ண ஊத்தவே வேணாம். ஒங்க கைய விட்டு ஒரு கிண்டு கிண்டினாப் போதும்."

"அந்தக் கையிலதான் ஒன் வீட்டு ஒல கொதிக்குது," என்பார் சோலைமலை. ஒரு நாளில் அவர் பேசும் நீளமான பேச்சு அநேகமாக அதுவாகத்தான் இருக்கும்.

ஊசிப்பாறைத் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை 'இஸ்டோரு' என்பார்கள். அதன் பின்கட்டில் எண்ணெயில் ஓடும் பெரிய எஞ்சின் இருந்தது. கொழுந்து உருட்டும் மெஷின்கள் எல்லாம் அதன் இழுப்பில்தான் சுழன்றன. விடியற்காலையில் சோலைமலை அதைக் கிளப்பிவிட்டால், சத்தம் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் பத்து லயத்துக்கும் கேட்கும். அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள். சத்தம் கொஞ்சம் கம்மினால், சோற்றில் வைத்த கையோடு எழுந்துவிடுவார் அவர். தோட்டத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. எஞ்சின்காரர் என்றால் அவர்தான்.

அறுபதாம் ஆண்டு மழைக்காலத்தில், லக்ஸபானப் பக்கமிருந்து மின்சாரக் கம்பங்கள் மலையேறி வந்தன. எஞ்சின் அறை ஜன்னலில் நின்று பார்த்தால், வாரத்துக்கு ஒரு வளைவு கிட்டே வந்திருப்பது தெரியும். கரண்ட் வந்துவிட்டால் இந்த எஞ்சின் எதற்கு? அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

கேட்டது நாகலெட்சுமிதான், அதுவும் சொந்த அண்ணனிடம். அவளுடைய அண்ணன் அழகுமுத்து தோட்டத் தலைவர். தொழிற்சங்கத்தின் சார்பில், தோட்டத்தை நடத்தும் துரையோடு பேச வேண்டியதை எல்லாம் பேசுகிறவர்.

"கரண்டு வந்தா என்ன தங்கச்சி? மோட்டார் தன்னால ஓடுமா? அதுக்கும் ஆளு வேணுமில்ல?" அழகுமுத்து வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார். "நான் ஒருத்தன் இருக்கிறப்ப மாப்ளைக்கு என்னா வந்துரும்?"

சோலைமலைக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

வருடத்தில் ஆயுத பூசை ஒரு நாள்தான் எஞ்சினுக்கு முழு ஓய்வு. முதல் நாள் மாலையே அதைத் துடைத்து, மாலை போட்டு, பொட்டு வைப்பார்கள். சோலைமலையின் ஸ்பேனர், கைச் சல்லடைக்காரி ராக்காயியின் சல்லடை, மெஷின் வாரைத் தைத்துப் பார்க்கும் வீரய்யாவின் ஊசி, எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் போய்விடும். மறுநாள் காலையில் தலைவர் தட்டை ஏந்தி வருவார். அவரவர் தமது ஆயுதத்தைத் தட்டிலிருந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலைக்குத் திரும்ப வேண்டும். தட்டில் வருவதை என்ன, ஏது என்று கேட்கிற வழக்கம் இல்லை. கேள்வி கேட்டு வாங்கினால் அந்த வருடம் கையில் வெட்டுப்படும் என்று நம்பினார்கள்.

அந்த வருடம் தட்டில் ஸ்பேனருக்குக் கீழே காகிதங்கள் இருந்தன. எஞ்சினையும் கைவேலையையும் நம்பியிருந்த ஆறு பேருக்கு ஆறு தாள்கள். இங்கிலீஷில் டைப் அடித்து, மூலையில் குங்குமம் தடவியிருந்தது.

"புது மெஷினுக்கு ஆள் எடுக்கிற பேப்பரு," என்றார் அழகுமுத்து. "ஒங்க ஆறு பேரு பேரையும்தான் மொதல்ல எழுதச் சொன்னேன். நல்லபடியா நடக்கட்டும்னு சாமி தட்டுலயே வச்சுக் கொண்டாந்திருக்கேன்." சொல்லிவிட்டு, சோலைமலையின் நெற்றியில் தன் கட்டைவிரலால் விபூதி இட்டார்.

சோலைமலை தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார். இங்கிலீஷில் அவருக்குத் தெரிந்தது எஞ்சினின் பித்தளைத் தகட்டில் இருந்த நாலு எழுத்துகள் மட்டும். ஒரு மூச்சு நேரம் தாளைப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாம். சாமிக்கு முன்னால், பெண் கொடுத்த வீட்டுக்காரரை, விபூதி ஈரம் காயாத நெற்றியோடு கேட்பதா? தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

மற்ற ஐந்து பேருக்கும் கைநாட்டு. ராக்காயி மையைத் தொடுவதற்கு முன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். புருஷன் இல்லாதவள். ஒரு மகளை வைத்துக்கொண்டு சல்லடையை நம்பி இருந்தவள்.

"எஞ்சின்காரண்ணே, வைக்கட்டுங்களா?"

சோலைமலை தலையை மட்டும் ஆட்டினார்.

"மருதாணி வச்ச மாதிரி இருக்கு," என்று சிரித்துக்கொண்டே விரலை இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் துடைத்தாள் ராக்காயி. "இந்த வயசுல எனக்கு ரெண்டாங் கல்யாணம்."

மூன்று வாரம் கழித்துக் கரண்ட் வந்தது. துரை சுவிட்சைத் தட்டினார். கொழும்பிலிருந்து வந்த ஆள் ஒருவன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். எஞ்சினைச் சோலைமலை கையாலேயே நிறுத்தச் சொன்னார்கள். சக்கரம் மெதுவாகி, மெதுவாகி, கடைசிச் சுற்றைப் பாதியில் விட்டு நின்றது. அப்போது அவருக்கு ஒரு சத்தம் கேட்டது. இஸ்டோருக்குப் பின்னால் ஒரு ஓடை ஓடிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருடமாக அதற்குப் பக்கத்திலேயே நின்றும் அவர் அதைக் காதில் வாங்கியதில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் எல்லோருடைய பெயரையும் கூப்பிட்டு வேலை பிரித்தார்கள். ஆறு பெயர்கள் மட்டும் வரவில்லை. ஆறு பேரும் ஆபீசுக்குப் போனார்கள்.

"என்னத்துக்கு இங்க நிக்கிறீங்க?" என்றார் பெரிய கிளாக்கர். "வேல வேணாம்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?" ஆளுக்கொரு நகலையும், தோட்டத்தை விட்டுப் பெயர் வெட்டிய பத்துச்சீட்டையும் மேசையில் தள்ளினார்.

வீரய்யா ஏதோ கத்தினான். சோலைமலைக்கு எதுவும் காதில் விழவில்லை. அவர் ஆபீசின் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புது வெள்ளைச் சட்டையோடு புதிய சின்னக் கிளாக்கர் உட்கார்ந்திருந்தான். அழகுமுத்துவின் மூத்த மகன். அவன் தலை நிமிரவே இல்லை.

காகிதத்தில் என்ன இருக்கிறது என்று வாசித்துச் சொன்னவர் நோர்வூட்டில் லொறி கராஜ் வைத்திருந்த அன்ஸார். எஞ்சினுக்கு உதிரிச் சாமான் ஏற்றிவந்த பழக்கத்தில் சோலைமலையை அவருக்குத் தெரியும்.

"நாங்களாகவே சொந்த விருப்பத்தில் வேலையை விட்டு விலகுகிறோம்," என்று ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார் அன்ஸார். "நட்டஈடோ வேறு வேலையோ தோட்டத்திடம் கேட்க மாட்டோம். இதை எங்களுக்கு வாசித்து விளக்கியவர் தோட்டத் தலைவர் அழகுமுத்து."

"கடைசி வரிய இன்னொருக்கா சொல்லுங்க நானா," என்றார் சோலைமலை, அண்ணன் முறை வைத்து.

அன்ஸார் சொன்னார். சோலைமலை மூன்றாம் தடவையும் கேட்டார். துரை ஏமாற்றியிருந்தால் கோபப்பட்டிருப்பார். கிளாக்கர் ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை திட்டியிருப்பார். இதற்கு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. தன் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுத்த கை அது. மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது, மழையில் ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடிய கை. அவர் தன் நெற்றியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அன்ஸார் தேத்தண்ணி வரவழைத்தார். சோலைமலை காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"எஞ்சின்காரரே, கோவிக்க வாணாம். ஒண்டு செல்றன்," என்றார் அன்ஸார். "இங்க வாறீங்களா? லொறி எஞ்சின் வேற மாதிரி. மொதல்ல இருந்து படிக்கோணும். ஒங்களுக்குப் பழக்கித் தாற மெக்கானிக் ஒங்கள விடப் பத்து வயசு எளசு. தோட்டத்துல எடுத்ததுல பாதிதான் என்னால தர ஏலும். ஆனா ஒங்க காது ஈக்கே, அது எனக்கு வேணும்."

"யோசிச்சுச் சொல்றேங்க நானா."

யோசித்தார். நாற்பத்தைந்து வயதில், எஞ்சின்காரர் என்ற பெயரை மலையில் விட்டுவிட்டு, டவுனில் போய் லொறிக்கு அடியில் மல்லாந்து படுப்பது. பாதிச் சம்பளம். நாகலெட்சுமி கொழுந்து பறிப்பதால் அவள் பெயரில் குடியிருக்கும் காம்பரா நிலைக்கும். ஆனால், இரண்டு பிள்ளைகளின் படிப்பு நிற்குமா என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூறலில் குடை பிடித்து அழகுமுத்து வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"என்ன தங்கச்சி, அண்ணனப் பாத்தா மொகத்தத் திருப்புற?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். பிறகு சோலைமலையிடம் திரும்பினார். "மாப்ள, அந்த ராக்காயி மத்த ஆளுங்களச் சேத்துக்கிட்டு அட்டன் தொழில் கந்தோருக்கு, அதான் லேபர் ஆபீசுக்கு, மனு போட்டுட்டா. வியாழக்கெழம விசாரண. நீங்க வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லணும். தலைவரு வாசிச்சுக் காட்டினாரு, வெளங்கித்தான் வச்சோம்னு. அம்புட்டுத்தான்."

சோலைமலை நகக்கண்ணில் நின்ற கறுப்பைச் சுரண்டினார்.

"சும்மா இல்ல. அடுத்த மாசத்துல இருந்து இஸ்டோருக்குக் காவக்காரரு நீங்கதான். அதே சம்பளம். கம்பளி, டார்ச்லைட்டு எல்லாம் தொரையே குடுப்பாரு. நான் பேசி முடிச்சுட்டேன்."

அழகுமுத்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்தார்.

"மச்சான்," என்றார் சோலைமலை. "தட்டுல ஏன் வச்சீங்க?"

"என்னது?"

"ஆபீசுல கூப்பிட்டு நீட்டியிருந்தா, இருங்க, யார்கிட்டயாவது காட்டிட்டு வாறேன்னு சொல்லியிருப்பேன். அது ஒங்களுக்குத் தெரியும். அதான் கேக்கிறேன். சாமி தட்டுல ஏன் வச்சீங்க?"

அழகுமுத்துவின் வாய் ஒரு கணம் நின்றது. "இங்க பாருங்க, ஆறு பேருக்காக நானூறு பேரு வேலைய நிப்பாட்டிட்டு உக்காரவா முடியும்? தொர எப்பிடியும் நிறுத்தத்தான் போறாரு. யாராவது ஒருத்தருக்காவது நல்லது நடக்கட்டுமேன்னு..." வாக்கியத்தை முடிக்காமல் எழுந்தார். "வியாழக்கெழம வெள்ளனயே வந்துருங்க. ஏதோ சொந்தம்னுதான் இவ்வளவு தூரம் வாறேன்."

குடை வளைவில் மறைந்ததும் நாகலெட்சுமி பொரிந்தாள்.

"அண்ணன் செஞ்சது அக்கிரமந்தான். நான் இல்லேங்கல. அதுக்காக, பாதிச் சம்பளத்துக்கு டவுன்ல போயி கிரீசு அள்ளப் போறீங்களா? நமக்கு ரெண்டு புள்ளைங்க. ராக்காயிக்குப் பதில் சொல்ல நீங்க யாரு? அவ கையில வெரல் இல்லியா, அவளாத்தானே வச்சா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதே சம்பளம், அதே மலை, பழகிய இஸ்டோரு வாசல். ஒரு பொய்தான் விலை. அதுவும் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்ட பொய். அதற்கு இவர் வாயைக் கொடுத்தால் போதும்.

திங்கட்கிழமை பீலிக்கரையில் ராக்காயி வந்து நின்றாள். நாகலெட்சுமி குடத்துக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வியாழக்கெழம நாங்க அட்டன் போறோம். அந்தக் கந்தோரு எங்க இருக்குன்னே தெரியாது. நீங்க கூட வந்தா தைரியமா இருக்கும்."

சோலைமலை சோப்பு நுரைக் கையோடு நின்றார். "ஏன் ராக்காயி, எம்மேல ஒனக்குக் கோவம் இல்லியா? எம் மொகத்தப் பாத்துத்தானே வச்ச?"

"ஒங்க மேல எதுக்குண்ணே கோவம்? நீங்க வாசிச்சுப் பாத்துட்டுத்தானே தலைய ஆட்டினீங்க. ஒங்க கண்ணு முன்னால நல்ல பேப்பரக் காட்டிட்டு, பொறவு மாத்திப்புட்டானுக போல. படுபாவிக!"

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். குடம் நிரம்பி வழிந்தது. நாகலெட்சுமி அதைத் தூக்கவில்லை. சோலைமலை பீலியில் கையை நீட்டியபடியே நின்றார். வாசிக்காமல் தலையாட்டியிருப்பார் என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே இல்லை. மச்சானை நான் எப்படி நம்பினேனோ, அதே மாதிரிதான் இவள் என்னை நம்பியிருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மச்சான் என்னைக் கவிழ்த்தார். நான் இவளைக் கவிழ்த்திருக்கிறேன். ஒரே தட்டு, ஒரே காலை.

அன்று சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நாகலெட்சுமி, திரும்பாமலே சொன்னாள்.

"அண்ணன் கொண்டாந்த பழம் அப்பிடியே கெடக்கு. புள்ளைங்களுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல." அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிவிட்டு, "வெள்ளச் சட்டையத் தொவச்சுப் போட்டிருக்கேன். வியாழக்கெழமைக்குள்ள காஞ்சுரும்," என்றாள்.

தொழில் கந்தோரில் மேசைக்கு அந்தப் பக்கம் சிங்கள உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். பக்கத்தில் ஒரு தமிழ் லிகிதர் மொழிபெயர்த்தார். பெரிய கிளாக்கர் காகிதங்களை அடுக்கி வைத்திருந்தார். அழகுமுத்து சோலைமலையைப் பார்த்து, எல்லாம் சரி என்பதுபோல் கண்ணைச் சிமிட்டினார்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாங்க."

"வாசித்துக் காட்டினார்களா?"

சோலைமலை பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் லிகிதர் இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லிங்க. புது வேலைக்கு ஆள் எடுக்கிற பேப்பருன்னு சொன்னாங்க. பூசத் தட்டுல வச்சுக் குடுத்தாங்க. கண்ணுல ஒத்திக்கிட்டுக் கையெழுத்துப் போட்டேன்."

அழகுமுத்துவின் நாற்காலி கிறீச்சிட்டது. "மாப்ள, யோசிச்சுப் பேசுங்க!"

"யோசிச்சுட்டேன் மச்சான். நாலு நாளா அதுதான் வேல." சோலைமலை உத்தியோகத்தர் பக்கமே திரும்பி நின்றார். "இன்னொண்ணும் எழுதிக்கங்க ஐயா. இந்த அஞ்சு பேரும் என்னயப் பாத்துட்டுத்தான் வெரல் வச்சாங்க. ராக்காயி கேட்டுச்சு. நான் வாசிக்காமலே தலைய ஆட்டினேன். இவங்கள ஏமாத்தினதுல எனக்கும் பங்கு இருக்கு."

ராக்காயி அவரையே பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்துபோவதைச் சோலைமலை கண்டார். அதைப் பார்க்கத்தான் வேண்டும் என்று கண்ணை எடுக்காமல் நின்றார்.

வெளியே வாசலில் அழகுமுத்து வழிமறித்தார். "சொந்தத்த நடுத்தெருவுல நிறுத்திட்டீங்களே!"

"சொந்தத்த நீங்க தட்டுல வச்சு வித்துட்டீங்க மச்சான். நடுத்தெருவுக்கு வர்றதுக்கு இனி அதுல என்ன மிச்சம் இருக்கு?"

அதன் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. திரும்பும் பஸ்ஸில் ராக்காயி முன் சீட்டில் உட்கார்ந்தாள். நோர்வூட் வரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இறங்கும்போது மட்டும், "வாறேன் எஞ்சின்காரண்ணே," என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்தது. ஆனாலும் அண்ணே என்று சொன்னாள்.

இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. கைநாட்டு வைத்த ஐந்து பேரையும் மலை வேலைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சோலைமலை பின்னால் போட்ட மனு மட்டும் முடிவாகாமல் நின்றது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர் தெரிந்தேதான் போட்டிருப்பார் என்று தோட்டம் வாதாடியது. அந்தக் கட்டு இன்னும் எங்கேயோ ஒரு மேசையில் கிடந்தது. காவல் வேலை வேறொருவருக்குப் போயிற்று.

விசாரணைக்கு மறுநாளே சோலைமலை அன்ஸாரின் கராஜில் சேர்ந்துவிட்டிருந்தார். அங்கே எஞ்சின்காரர் என்று யாரும் சொல்வதில்லை. "சோலைமலை, அந்த ஜாக்கத் தாங்க," என்பான் மெக்கானிக். கொடுப்பார். வீட்டில் சோற்றுக்குப் பதில் ரொட்டி சுடும் நாட்கள் கூடின. கொழுந்து குறைந்தால் பாதிக் கூலியாக்கும் அரைப்பேர் போட விடாமல், நாகலெட்சுமி அதிகக் கொழுந்து பறித்தாள். பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு லொறி வாசலுக்கு வருவதற்குள், அதற்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லத் தொடங்கியிருந்தார் சோலைமலை.

ஒரு நாள் காலையில், அன்ஸார் ஒரு இங்கிலீஷ் படிவத்தோடு வந்தார். வேலையாட்களின் வருங்காலச் சேமிப்பான சேமலாப நிதிக்கு எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டுமாம். சோலைமலைக்குப் பின்னால் மூன்று பேர் கையைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். அன்ஸார் பேனாவை நீட்டினார்.

சோலைமலை பேனாவை வாங்கினார். ஆனால் எழுதவில்லை.

"இதுல என்ன இருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க நானா."

மெக்கானிக் சுத்தியலைக் கீழே வைத்தான். மொதலாளியிடம் அப்படி யாரும் கேட்டதில்லை.

"என்ன சோலைமலை, என்னையுமா நம்பல்ல?" என்றார் அன்ஸார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

"நம்புறதாலதான் கேக்கிறேன் நானா. நம்பாதவன் நீட்டினா நாம கையெழுத்தே வைக்க மாட்டோம். நம்புறவங்க நீட்டுற பேப்பரத்தான் மொதல்ல வாசிக்கணும். சாமி தட்டுல வந்தாலும் வாசிக்கணும்." அவர் பின்னால் நின்ற மூன்று பேரையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "அதோட, நான் போட்டா இவங்களும் போடுவாங்க. நம்ம கையெழுத்து எப்பவும் நம்மளோட மட்டும் நிக்கிறதில்ல."

அன்ஸார் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியிலிருந்து நிதானமாக வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினார். வரிசையில் நின்ற மூன்று பேரும் கிட்டே நகர்ந்து வந்து காது கொடுத்தார்கள்.